மூணு மாத்திரை, ஒரு கப் தண்ணி

18 நவம்பர் 2024, திங்கள்

ஒரு வெள்ளி. கவர்மெண்ட் கிளினிக்கில் அவ்வளவுதான் கேட்டார்கள். தீபாவளிக்கு முன்னும் பின்னுமாகத் தனியார் கிளினிக்கில் அழுதது 204 வெள்ளி. 68, 68, 68. மூன்று தடவையும் அதே சிவப்பு இருமல் தண்ணி. "துணித் தூசிம்மா" என்றார் அந்த டாக்டர். நானும் தூசி என்றே நம்பினேன். தூசியாக இருந்தால் நல்லதுதானே.

இங்கே டாக்டர் நம்ம பையன். முப்பது வயதிருக்கும். "எத்தன வாரமா இருமுறீங்க? ராத்திரி வேர்க்குதா?" எடை 49. ஆகஸ்டில் 54. ரவிக்கை தொளதொளத்ததை நான் தையல் பிசகு என்று நினைத்து இரண்டு தடவை பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டேன். நாற்பது வருஷத் தையல்காரி.

எக்ஸ்ரே. சளிக்கு மூன்று டப்பா. மூன்றரை மணி நேரம் உட்கார்ந்ததில் இடுப்பு கழன்றுவிட்டது.

20 நவம்பர், புதன்

மூன்றாவது டப்பா. கறுப்புப் பைக்குள் பை, அதற்குள் பை. பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன். எல்லோரும் அதையே பார்ப்பது போல. வாங்கின நர்ஸ் மிஸி, பூ வாங்குவது மாதிரி இரண்டு விரலால் வாங்கி, "பாகுஸ் ஆன்ட்டி, நல்ல சளி" என்றாள். சளியில் நல்ல சளி!

22 நவம்பர், வெள்ளி

டிபி.

கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னார். நல்ல பிள்ளை. "நாட்டுல வருஷத்துக்கு 25,000 பேருக்கு மேல வருதும்மா. ஆறு மாசம். குணமாயிரும்." நான் அவர் மேசையில் இருந்த ஸ்டேப்லரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரத்தம் எடுத்தார்கள். கலர் புள்ளிக்குள் எண் வாசிக்கச் சொன்னார்கள். மருந்தில் ஒன்று கண்ணைத் தொடுமாம். எல்லாம் சரியாக வாசித்தேன். 12, 8, 29. நூல் கலர் பார்த்தே பிழைத்தவள்.

அப்புறம் மிஸி ஒரு பாரத்தை எடுத்தாள். வீட்டில் யார் யார், அடிக்கடி வந்து போவது யார், பக்கத்தில் படுத்தது யார். பேனா காத்துக்கொண்டிருந்தது. தீபாவளிக்கு நாலு நாள் பேரன் என் பக்கத்தில்தான் படுத்திருந்தான். என் போர்வைக்குள். நாலு வயது. சொன்னேன்.

மகளுக்குப் போன் போட்டேன். அவள் அழவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

தூக்கம் இல்லை. அத்தையின் தட்டு.

25 நவம்பர், திங்கள்

முதல் நாள். டிபி அறை கட்டடத்தின் பின்பக்கம். குளிர்சாதனம் இல்லை, எல்லா ஜன்னலும் திறந்து கிடக்கிறது, பெரிய விசிறி. வெளியே ஒரு பப்பாளி மரம். தினமும் வர வேண்டும், அவர்கள் கண் முன்னால் விழுங்க வேண்டும். இரண்டு மாதம் இப்படி, அப்புறம் இன்னும் நாலு. வீட்டுக்குக் கொடுத்துவிட மாட்டார்களாம். என்னை என்ன திருடி என்று நினைத்தார்களா?

மூணு மாத்திரை. காவி நிறம், நீளம், குதிரைக்குக் கொடுக்கிற அளவு. ஒவ்வொன்றிலும் நாலு மருந்து. கூட ஒரு சின்ன வைட்டமின். மிஸி பேப்பர் கப்பில் தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். "தெலான், ஆன்ட்டி." விழுங்கினேன். "புக்கா மூலுட்." வாயைத் திறந்தேன். 58 வயதில், ஒரு சின்னப் பெண்ணுக்கு முன்னால் ஆ என்று.

அட்டையில் ஒரு டிக்.

26 நவம்பர், செவ்வாய்

காலையில் கழிவறையில் பயந்தே போனேன். ஆரஞ்சு. ஃபான்டா மாதிரி. நேற்றே மிஸி சொல்லியிருந்தாள், காதில் ஏறவில்லை. வியர்வை, கண்ணீர் எல்லாமே நிறம் மாறுமாம்.

மூணு மாத்திரை. டிக்.

29 நவம்பர், வெள்ளி

குமட்டல். கோப்பி வாசனையே ஆகவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவிடம் காலையில் நடக்கப் போகிறேன் என்றேன். மாஸ்க் போட்டுக்கொண்டா நடை என்று கேட்டாள். புகை என்றேன். கொட்டுகிற மழையில் என்ன புகை. எனக்குப் பொய் சொல்ல வராது.

புது ரவிக்கை வேலை எதுவும் எடுக்கவில்லை. கை வலி என்று சொல்லியிருக்கிறேன். ஜாலான் தெங்கு கிளானா கடைக்காரர் பொங்கலுக்கு 40 ரவிக்கை வேண்டும் என்றார். கணக்குப் போடாமல் போனை வைத்தேன்.

சனி ஞாயிறுக்கு மிஸி இரண்டு பொட்டலம் கொடுத்தாள். மேலே நாள் எழுதி. மலாய்க்கார எழுத்து, உருண்டை உருண்டையாக.

1 டிசம்பர், ஞாயிறு

வீட்டில் தனியாக விழுங்கினேன். முடித்ததும் வாயைத் திறந்தேன். யாருக்கு?

3 டிசம்பர், செவ்வாய்

மகள் பேரனைத் தங்லின் கிளினிக்குக்கு அழைத்துப் போயிருக்கிறாள். கையில் ஊசி போட்டார்கள், மூன்றாம் நாள் வந்து காட்டச் சொன்னார்கள். ஜாலான் செண்டராசாரி ஏற்றத்தில் "பாட்டிகிட்டயா போறோம்" என்று கேட்டுக்கொண்டே வந்தானாம்.

பசியாறவில்லை. மதியம் சோறு வெந்தும் சாப்பிடவில்லை.

5 டிசம்பர், வியாழன்

போகவில்லை.

விடியற்காலையில் இரண்டு தடவை வாந்தி. மூட்டெல்லாம் வலி. மழை. எதற்கு இந்தக் கூத்து, ஒரு நாள் போகாவிட்டால் குடியா முழுகிவிடும் என்று படுத்துக்கொண்டேன்.

10.40க்குப் போன். "ஆன்ட்டி, தா டாத்தாங்?" அந்த மிஸிதான், வரவில்லையா என்று. பஸ் வரவில்லை என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "வாந்தியா?" என்று தமிழிலேயே கேட்டாள். அந்த ஒரு சொல்லை எங்கே கற்றாளோ. ஆமாம் என்றேன். ஏன் அழுதேன் தெரியவில்லை. வீட்டுக்காரர் போனபின் இத்தனை வருஷத்தில் ஒரு நாள் நான் வராததை யாரும் கவனித்ததில்லை.

மூன்று மணிக்குப் போனேன். என் அட்டை மற்ற அட்டைகளோடு அடுக்கில் இல்லை. அவள் மேசையில், பேனாவுக்கு அடியில் இருந்தது. டாக்டர் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார், ஈரலுக்கு இரத்தம் எடுத்தார். இனி இரண்டு பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு வரலாமாம். முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

டிக்.

6 டிசம்பர், வெள்ளி

ஈரல் சரியாக இருக்கிறது.

பேரனுக்கு எக்ஸ்ரே சுத்தம். நோய் இல்லை. ஆனாலும் ஐந்து வயதுக்குக் கீழே என்பதால் வராமலிருக்க ஆறு மாதம் தினமும் ஒரு மருந்து. பாட்டி கொடுத்த தீபாவளிப் பரிசு. மகள் அதைச் சொல்லவில்லை, நான்தான் சொல்லிக்கொள்கிறேன்.

கண்ணைத் துடைத்து வெள்ளைக் கைக்குட்டையைப் பார்த்தேன். நிறமெல்லாம் தெரியவில்லை.

9 டிசம்பர், திங்கள்

இரண்டு வாரம். இனி என்னிடமிருந்து பரவும் பயம் அநேகமாக இல்லை என்கிறார் டாக்டர். "பேரனப் பாக்கலாம்மா." நான் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? பதினான்கு நாளாக இதற்காகத்தானே விரல் விட்டு எண்ணினேன்.

இன்று அங்கே எட்டுப் பேர். ஒரு வங்காளதேசத்துப் பையன், சிமெண்ட் படிந்த பூட்ஸ். ஒரு சீனத் தாத்தா, தினமும் அயர்ன் பண்ணின சட்டை. யாரும் யாரிடமும் பேசுவதில்லை. ஆனால் தாத்தா வராவிட்டால் எல்லோரும் வாசலைப் பார்க்கிறோம்.

10 டிசம்பர், செவ்வாய்

நாளை சுல்தான் பிறந்தநாள், கிளினிக் லீவு. பொட்டலம் கொடுத்தாள். "ஜாங்கான் லுப்பா." மறக்காதேயாம். எனக்கா மறக்கும்? மூத்திரம் ஞாபகப்படுத்துமே.

16 டிசம்பர், திங்கள்

மார்கழி ஒன்று. ஐந்து மணிக்கே முழிப்பு. எங்கேயோ ஸ்பீக்கரில் திருப்பாவை. வாசலில் சின்னதாக ஒரு கோலம் போட்டேன், மூச்சு வாங்காமல் போட்டு முடித்தேன். போன மாதம் வாளியைத் தூக்கினாலே நின்று நின்று போக வேண்டியிருந்தது.

வரிசையில் ஒரு பெண்ணிடம் கௌண்டர் ஆள் எரிந்து விழுந்தான். எனக்கும் கோபம் வந்தது. எல்லாரும் தங்கம் என்று நான் எழுதப் போவதில்லை. டிபி அறைக்கு வந்தபின் அது ஆறிப்போனது.

மூணு மாத்திரை. டிக்.

18 டிசம்பர், புதன்

டாக்டரிடம் கேட்டேவிட்டேன். ஏன் தினமும் வர வேண்டும், நம்ப மாட்டீர்களா என்று. சிரித்தார். சென்னையில் படித்தவராம். இந்தக் கண் முன்னால் விழுங்க வைப்பதே அங்கேதான் வளர்ந்த பழக்கம் என்றார். உடம்பு தேறினதும் மனுஷன் மருந்தை விட்டுவிடுவான், பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காது. 1956இல் சேத்துப்பட்டில் ஒரு நிலையம் ஆரம்பித்து, ஏழைகளில் பாதிப்பேரைச் சானடோரியத்தில் படுக்கவைத்து, பாதிப்பேரை அவரவர் வீட்டிலேயே வைத்து வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். வீட்டில் பெரிதாகச் சாப்பாடும் இல்லை, காற்றோட்டமும் இல்லை. ஆனாலும் ஏறக்குறைய அதே அளவு குணமாகியிருக்கிறார்கள். வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் அதிகமாகத் தொற்றவில்லை. 1959இல் இதை எழுதி உலகத்துக்கே சொல்லிவிட்டார்களாம். அதற்குப் பிறகு உலகமெங்கும் சானடோரியங்களை மூடிக்கொண்டே வந்தார்களாம்.

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். நான் பஸ் ஸ்டாப்பில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

1959.

அத்தையை டிரஸ்ஸர் காட்டிக்கொடுத்து லோரியில் ஏற்றி அனுப்பியது 1974. எனக்கு எட்டு வயது. காப்பார் தோட்டத்து லயமே வேடிக்கை பார்த்தது. கோலாலம்பூர் ஜாலான் பகாங் ஆஸ்பத்திரி. இப்போது சுவாச நோய்க் கழகம் என்று போர்டு வைத்திருக்கிறார்கள், மொனோரயிலில் போகும்போது பார்த்திருக்கிறேன். பல மாதம் கழித்து நல்லாகித்தான் வந்தாள். கன்னம்கூட வைத்திருந்தது. ஆனால் பாட்டி அவளுக்கென்று ஒரு மங்குத் தட்டில் ஆணியால் கீறல் போட்டு வெளியே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மாட்டிவிட்டாள். 1991இல் அத்தை செத்தது மாரடைப்பில். அதுவரைக்கும் அந்தத் தட்டு வெளியேதான். நானும் அதில்தான் அவளுக்குச் சோறு போட்டேன். படித்த பிள்ளை, ஆறாம் வகுப்பு. போட்டேன்.

27 டிசம்பர், வெள்ளி

எடை 50.5.

நாலு ரவிக்கை வெட்டினேன். மெஷின் சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டு அம்மா வந்து "கை சரியாயிருச்சா" என்றாள். சரியாயிருச்சு.

2 ஜனவரி 2025, வியாழன்

தலைமுடிக்குள் அரிப்பு. எரிச்சல். காரணமில்லாமல் மகளிடம் கத்தினேன். பேரன் வீடியோவில் வந்து, "பாட்டி, நான் மருந்து சாப்ட்டேன், பாரு" என்று வாயைத் திறந்து தொண்டைவரைக்கும் காட்டினான். தங்லின் மிஸி அவன் சட்டையில் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறாள். எனக்கு ஒரு நாளும் ஒட்டினதில்லை.

5 ஜனவரி, ஞாயிறு

போனேன். கிள்ளானிலிருந்து கொமுட்டர், கே.எல். சென்ட்ரல் வரைக்கும் ஜன்னலோரம். மாஸ்க்கைக் கழற்றவே இல்லை. பிரிக்பீல்ட்ஸ் வெயில், மல்லிகைப்பூ, வடை எண்ணெய். துன் சம்பந்தன் சாலையைத் தாண்டும்போது கால் நடுங்கியது. லிப்ட் கதவு திறந்ததும் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டான். கையை என்ன செய்வதென்று தெரியாமல் மேலே தூக்கிக்கொண்டு நின்றேன், போலீஸ் பிடித்த ஆள் மாதிரி. மகள் வந்து என் இரண்டு கையையும் பிடித்து இறக்கி அவன் தலையில் வைத்தாள்.

சாப்பிடும்போது எனக்கு மட்டும் வாழை இலை கேட்டேன். "ஏம்மா?" என்றாள். ஆசையாக இருக்கிறது என்றேன்.

10 ஜனவரி, வெள்ளி

வைகுண்ட ஏகாதசி. கிள்ளான் பெருமாள் கோவிலில் கூட்டம், விடியற்காலை நாலு மணிக்கே வரிசை. சொர்க்கவாசல் பார்த்துவிட்டு நேரே கிளினிக். விரதத்தில் பிஸ்கட் கிடையாது, வெறும் வயிறு. வாந்தி வரவில்லை. பெருமாளா, உடம்பு பழகிவிட்டதா. இரண்டுக்கும் ஒரு கும்பிடு.

அங்கே நாலு மணி நேரம் நின்றேன், முனகவில்லை. இங்கே இருபது நிமிஷத்துக்கு முனகினேன்.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். எட்டு மணிக்குள் பொங்கிவிட வேண்டும் என்று இருட்டிலேயே எழுந்தேன். பால் பொங்கியது. தனியாக நின்று பொங்கலோ பொங்கல் என்றேன், மெதுவாக.

மிஸிக்கென்று டப்பர்வேரில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் ஏறியபின்தான் உறைத்தது. யார் கொடுக்கிறது, யாருக்கு? சளியில் கிருமி பார்த்தவள் அவள். என் அட்டையில் எல்லாம் எழுதியிருக்கிறது. திரும்பிவிடலாம் என்றிருந்தது. மாத்திரை விழுங்கி, வாயைத் திறந்து காட்டி, டிக் போட்டபின், மேசை ஓரத்தில் வைத்தேன். நெய், வெல்லம், முந்திரி மட்டும்தான், வேறொன்றும் இல்லை என்றேன். "வா, தெரிமா காசே" என்று எடுத்து அலமாரி மேல் வைத்தாள். மூடியைத் திறக்கவில்லை.

வேறென்ன செய்வாள். வேலை நேரம், மாஸ்க். நானாக இருந்தாலும்.

குப்பையில் போடுகிறாள் என்றால் சத்தமில்லாமல் போட்டிருப்பாள். அந்த அளவுக்கு நல்ல பெண்.

15 ஜனவரி, புதன்

டப்பர்வேர் வந்துவிட்டது. கழுவித் துடைத்து. உள்ளே நாலு கறிபாப், உருளைக்கிழங்கு போட்டது, இன்னும் சூடு. அவள் அம்மா செய்ததாம். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று அவர்களுக்கும் இருக்கிறது. பொங்கலை மூன்று மிஸியும் பத்து மணிக்கு உட்கார்ந்து சாப்பிட்டார்களாம். இவளுக்கு முந்திரியே வரவில்லையாம், மற்றவர்கள் பொறுக்கிவிட்டார்களாம். புகார் சொல்வது மாதிரி சொன்னாள்.

பஸ் ஸ்டாப்பிலேயே இரண்டு கறிபாப் தின்றேன். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆகவில்லை. இன்று அதெல்லாம் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து என் தட்டை எடுத்து மற்றத் தட்டுகளோடு அடுக்கினேன். நவம்பரிலிருந்து அதைத் தனியாக வைத்திருந்தேன். யாருமில்லாத வீட்டில்.

24 ஜனவரி, வெள்ளி

இரண்டு மாதம். சளியில் கிருமி இல்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டினார். அந்த மேகம் மாதிரி இருந்தது பாதிக்கு மேல் கரைந்திருக்கிறது. எடை 52. ரவிக்கையில் பிடித்த தையலை ஒரு பக்கம் பிரிக்கலாம்.

திங்கள் முதல் வேறு மாத்திரை. அதுவும் மூன்றுதான், ஆனால் நாலு மருந்து இரண்டாகக் குறைகிறது. இன்னும் நாலு மாதம். உடம்பு நல்லாகிவிட்டதே என்று நினைத்தேன். இந்த நினைப்பைத்தான் டாக்டர் சொன்னார் போல.

28 ஜனவரி, செவ்வாய்

நாளை சீனப் பெருநாள். தாத்தா எல்லோருக்கும் ஆளுக்கு இரண்டு ஆரஞ்சு கொடுத்தார். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவர் குரலைக் கேட்டேன். கணீரென்ற குரல். ஆரஞ்சைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஒரே ஞாபகம் வந்திருக்க வேண்டும். வங்காளதேசத்துப் பையன் முதலில் சிரித்தான், அப்புறம் எல்லோரும்.

மிஸிக்கு மாற்றலாம். வெள்ளியோடு சரி. பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள். நான் சரி என்றேன். வேறு ஒரு வார்த்தை வரவில்லை. ஒரு பாஜு குரோங் தைத்துக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அளவு? கண்ணாலேயே எடுத்துவிடலாம். மார்பு 36, இடுப்பு 30. ஆனால் கவர்மெண்ட் வேலை, வாங்க மாட்டாள். இரண்டு நாளில் முடியவும் முடியாது. முடியும். நான் 40 ரவிக்கை ஒரு வாரத்தில் முடித்தவள்.

31 ஜனவரி, வெள்ளி

தைக்கவில்லை.

மூணு மாத்திரை. தண்ணி. ஆ. டிக். கையைப் பிடித்துக்கொண்டேன், கொஞ்சம் கூட நேரம். "ஜாகா டிரி, அம்மா" என்றாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள். எப்போதும் ஆன்ட்டி என்பவள்.

3 பிப்ரவரி, திங்கள்

புது மிஸி. சின்னப் பெண், சபாக்காரி போல் பேச்சு. என் பெயரைத் தப்பாகப் படித்தாள். தண்ணி பாதிக் கப் ஊற்றினாள். விசிறியை என் பக்கம் திருப்பவில்லை. பிடிக்கவே இல்லை.

11 பிப்ரவரி, செவ்வாய்

தைப்பூசம். பத்துமலைக்குப் போகவில்லை, அத்தனை கூட்டத்துக்கு இன்னும் தைரியமில்லை. மகள் வீட்டில்தான். பேரனும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து மருந்து சாப்பிட்டோம். அவனுடையது பொடி, வாழைப்பழத்தில் குழைத்து. முதலில் யார் வாய் திறப்பது என்று போட்டி. ஜெயிக்க விடவில்லை நான்.

ராத்திரி என் போர்வைக்குள் வந்து படுத்தான். விரட்டவில்லை.

12 பிப்ரவரி, புதன்

முதல் கொமுட்டரைப் பிடித்து வந்தும் 8.25 ஆகிவிட்டது. புது மிஸி கம்ப்யூட்டரில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். மூணு மாத்திரை, இன்று முழுக் கப் தண்ணி. விழுங்கினேன். அவள் திரும்பவில்லை. நானும் போகவில்லை. வாயைத் திறந்தபடி நின்றேன். விசிறிக் காற்று தொண்டைக்குள் போனது.

நிமிர்ந்து பார்த்தாள். "ஐயோ, சோரி ஆன்ட்டி" என்று எழுந்து வந்து, குனிந்து, நாக்குக்கு அடியில் வரைக்கும் பார்த்தாள்.

டிக்.